மேட்டு மண்டபத்தில் தங்கிய நாட்கள்

எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம், தென்பெண்ணை ஆற்றுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நான் பிறந்தது உறுவையாற்றில். கல்யாணமாகி இங்கே வந்தவள். ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பாலசேவிகா வேலை. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லித் தருவது, மதியம் சோறு போட்டுத் தூங்க வைப்பது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் இப்போது காலையில் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். என் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். அதனால் காலனியில் எனக்குப் பழக்கமில்லாத குடும்பம் குறைவு. ஆனால் அந்த வீடுகள் எதற்குள்ளும் நான் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போவதற்கு ஒரு வேலை வரவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஆதிதிராவிட மக்கள் அதிகம் வசிக்கும் கிராமங்களை முன்மாதிரி கிராமங்களாக மாற்றும் அரசுத் திட்டத்தில் எங்கள் காலனியும் சேர்ந்தது. சிமெண்ட் சாலை, கால்வாய், தெருவிளக்கு, ஒரு சமுதாய நலக்கூடம் என்று அறிவித்தார்கள். காலனிப் பெண்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடம்தான் முக்கியமாக இருந்தது. மஞ்சள் நீராட்டோ நிச்சயதார்த்தமோ, எது நடந்தாலும் தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டியிருந்தது. மழை வந்தால் பந்தலோடு சமையலும் போய்விடும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிக் கிடந்த புறம்போக்கு இடத்தில் கூடத்தைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

எங்கள் தெருவில் அதற்கு ஒப்பவில்லை. "பஸ்ஸ வுட்டு எறங்குனதும் அவங்க மண்டபந்தான் கண்ணுல படணுமா?" என்று என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கரும்பும் நெல்லும் பயிரிடுகிறார், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். காலனியில் விழுந்தாலும் போவார். தெருமுனையில் நின்று மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டு வருவார். அவரும் இன்னும் சிலரும் மேலிடத்தில் பேசினார்கள். கடைசியில் கூடம் காலனிக்கும் பின்னால், பழைய செங்கல் சூளை இருந்த மேட்டில் வந்தது. அங்கே போகப் பாதைகூட இல்லை. பாதை அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். பஸ்ஸில் போகும்போது கரும்புத் தோகைக்கு மேலே அதன் ரோஸ் நிறச் சுவர் தெரியும். காலனிக்காரர்கள் அதை மேட்டு மண்டபம் என்று சொல்வார்கள்.

புயல் அடித்த அன்று எங்கள் வீட்டுக்குப் பெரிய சேதமில்லை. ஓடு கொஞ்சம் பறந்தது, முருங்கை மரம் விழுந்தது. மறுநாள் மழை வெறித்துவிட்டது. தப்பித்தோம் என்று மாமியார் சாமிக்கு விளக்கேற்றினார். அதற்கடுத்த நாள் காலையில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னார்கள். வாசலில் நெளிந்த தண்ணீர், நான் அரிசி டப்பாவை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் தெருதான் ஊரிலேயே பள்ளம், ஆற்றைப் பார்த்த தெரு. பெரும்பாலும் ஓட்டு வீடுகள், மாடி கிடையாது. மதியத்துக்குள் ஜன்னல் கட்டை வரை வந்துவிட்டது. மாமியாரைக் கட்டில் மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவருக்குச் சர்க்கரை வியாதி, முழங்கால் மடங்காது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா, பசுவ அவுத்து வுட்டியா?" என்று மகனையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மீட்க வந்தவர்கள் மீனவர்கள். பிள்ளைச்சாவடிப் பக்கத்திலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ரோடு முடிந்த இடத்தில் இறக்கியிருந்தார்கள். இரண்டு பேர். எங்கள் நெல் வயலுக்கு மேலே ஃபைபர் படகு மோட்டார் சத்தத்தோடு வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. மாமியாரை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து இன்னும் சிலரும் ஏறினார்கள்.

"எங்கண்ணே எறக்கணும்?" என்று மோட்டாரைப் பிடித்திருந்தவர் கேட்டார்.

பள்ளிக்கூடம் என்றார் ஒருவர். அது முழுகிவிட்டது. கோயில் மண்டபம் என்றார் இன்னொருவர். அங்கேயும் இடுப்பளவு. எனக்குத் தெரிந்த மேடு ஒன்றுதான் இருந்தது. படகில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"பாகூருல வுட்ருப்பா," என்றார் என் கணவர்.

"ரோடு அறுத்துக்கினு கெடக்குண்ணே. நான் படகு ஓட்டறேன், பஸ் ஓட்டல." அந்த மனிதர் நாலா பக்கமும் பார்த்தார். ரோஸ் நிறச் சுவரைக் கண்டுபிடித்தது அவர்தான். "அதோ, அந்த மண்டபம் யாருது? மேடாத்தான இருக்குது?"

"அது காலனிது," என்றார் என் கணவர்.

"காலனின்னா இன்னாண்ணே, தண்ணி ஏறலல்ல?" என்று அவர் படகைத் திருப்பிவிட்டார்.

மண்டபத்தில் ஏற்கெனவே காலனிக் குடும்பங்கள் இருந்தன. காலனியிலும் கீழ்ப்புற வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மண்டபத்துச் சாவி காலனி மகளிர் குழுத் தலைவியிடம் இருக்கும். அவருடைய கடைசி மகள் என் வகுப்பில் படிக்கிறாள். இதை எழுதும்போது முதலில் அவள் என்று எழுதிவிட்டு, அடித்து, அவர் என்று எழுதினேன். என்னைவிட இரண்டொரு வயது பெரியவராகவே இருப்பார். எங்கள் வீட்டில் அவரை யாரும் அவர் என்று சொன்னதில்லை, நான் உட்பட. பெரிய குரல்காரர். சாவியைத் தாலிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பார். மண்டபத்தில் ஆணி அடிக்கக்கூட அவரைக் கேட்க வேண்டும் என்று காலனிக்காரர்களே குறை சொல்வார்கள். அன்றைக்கும் யாரோ ஈரப் பாயை மேடையில் விரித்ததற்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"வாங்க டீச்சர். ஆயாவ இப்பிடிக் கொண்டாங்க, இப்பிடி," என்று சுவரோரமாக இடத்தைக் காட்டினார். அப்புறம் தன் ஆட்களைப் பார்த்து, "எய்ந்திருங்கப்பா, பின்னாடி போங்க, ஊருக்காரங்க வந்துக்கினு இருக்காங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். காலனிக் குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தன. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் பந்தி போடுவதற்கென்று ஒரு தகர ஷெட் உண்டு, மூன்று பக்கமும் திறந்தது. எல்லோரும் அங்கே போனார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போயின. அதில் ஒன்றுக்கு ஜுரம். போர்வைக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது.

"அவங்க எதுக்குப் போவணும்? எடம் இருக்குதே," என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர். ஆயா படுக்கணுமில்ல."

மாமியார் படுக்க ஒரு பாய் போதும். அவர்கள் காலி செய்ததோ முழு மண்டபம். இன்னும் இரண்டு நடை படகு வந்தும் எங்கள் தெருக்காரர்களால் அதை நிரப்ப முடியவில்லை. நடுவில் பெரிய வெற்றிடம் கிடந்தது. அதற்கு மேலே மின்விசிறிகள் சும்மா தொங்கின, கரண்ட் இல்லை. அந்தப் பக்கம் தகரத்தின்மேல் தூறல் விழும் சத்தமும் பிள்ளைகளின் இருமலும் கேட்டன. அவர்களை உள்ளே வரச் சொல்லலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். "அவங்களே எடம் வுட்டாங்க. நீ எதுக்கு நடுவுல?" என்றார். எங்கள் தெருப் பெண்கள் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அதற்குமேல் பேசாமல் மாமியாரின் ஈரச் சேலையைப் பிழியப் போய்விட்டேன்.

சாயங்காலம் சமையல் அறையிலிருந்து சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. தலைவி வந்து, "சோறு வடிச்சாச்சு. தாளிச்சுக் கொட்டினா ஆயிடும். எல்லாருக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கோம்," என்றார்.

எங்கள் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் கணவர் எழுந்து போனார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு எதுக்கும்மா செரமம்? அரிசி பருப்பு மட்டும் குடு. நாங்களே ஆக்கிக்கிறோம்."

"செரமம் இன்னாங்க இதுல? ஆயிடுச்சே."

"அதுக்கில்ல," என்றார் என் கணவர். 

 அதற்குத் தலைவி எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். மண்டபம் அவர்களுடையது, அரிசி அவர்கள் வீட்டு ரேஷன் அரிசி, பாத்திரம் குழுப் பணத்தில் வாங்கியது. அவர் திரும்பிப் போய்க் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினார். மண்டபத்தில் இருந்தது ஒரே கேஸ் அடுப்பு. இரண்டு பெண்கள் கழியைக் கொடுத்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். அங்கே மூன்று கல்லை வைத்து, ஈர விறகைப் போட்டு ஊதினார்கள். புகை மண்டபத்துக்குள்ளும் வந்தது. எங்கள் பக்கம் ஒருவர், "கண்ணு எரியுது, கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லு," என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. சொன்னவர் எங்களுக்கு நெருங்கிய சொந்தம்.

அடுப்பு எங்களுக்கு வந்தது. அவ்வளவு பேருக்குச் சமைத்துப் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. கல்யாணம் என்றால் ஆள் வைத்துத்தான் ஆக்குவோம். நாங்கள் வைத்த தண்ணீருக்கு அரிசி குழைந்து களியாகிக்கொண்டிருந்தது. என் கணவர் கையில் கரண்டியோடு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் மாமியார், "எனக்கு ஒரு மாதிரி வருதுடி," என்றார். பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. காலையில் மாத்திரை போட்டவர், ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. நான் பையைக் கொட்டித் தேடினேன். ஒரு மிட்டாய்கூட இல்லை.

யார் சொன்னார்களோ, தலைவி ஒரு எவர்சில்வர் டம்ளரோடு ஷெட்டிலிருந்து ஓடி வந்தார். வெறும் வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தார். மாமியாரின் பின்தலையைத் தாங்கிப் பிடித்து, "குடிங்க ஆயா, மெதுவா, மெதுவா," என்றார். மாமியார் அந்த டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூரத்தில் நின்ற மகனைப் பார்த்தார். பிறகு குடித்தார். வாயை வைத்துத்தான் குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தலைவி அவர் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மாமியார் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்ன முதல் வார்த்தை, "மருந்துன்னு குடிச்சேன்," என்பதுதான்.

அதைக் கேட்டதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனேன். பெரிய காரியம் செய்யப் போகிறவளைப் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. புகை வாசனையோடு சூடான சாம்பார் சாதம். பெண்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் யாரோ கோழியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த கதை. "எனக்கும் ஒரு தட்டு போடுங்க," என்று சொல்லிவிட்டு வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். வெறுப்பில் அல்ல, எனக்கு இடம் விடுவதற்காக. எதிரே இருந்த இருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார்கள். யாரோ ஒரு ஸ்டூலைத் தேடிக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். தலைவி தானே பரிமாறினார், இருந்த கத்தரிக்காய்த் துண்டுகளை எல்லாம் பொறுக்கி என் தட்டில் போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் கோழிக் கதையைத் தொடரவில்லை. பிள்ளைகள் மட்டும் டீச்சர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாதம் நன்றாக இருந்தது. வேகமாக விழுங்கிவிட்டு எழுந்தேன். நான் கை கழுவிவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் பின்னால் சிரிப்புச் சத்தம் மறுபடி கேட்டது. நான் அங்கே போனதில் நிம்மதி அடைந்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் ஒரு வேளைச் சோற்றை எனக்காகக் கெடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் வடிய மூன்று நான்கு நாளாயிற்று. அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் தேடி வந்து பேசியது என் கணவரிடம். எத்தனை பேர், என்ன தேவை என்று அவரிடம்தான் கேட்டார்கள். அவர் எங்கள் ஆட்களைச் சொல்லிவிட்டு, "பின்னாடி அவங்களும் இருக்காங்க," என்றார். இரண்டு கழிப்பறைகளில் ஒன்றை எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். பாலுக்கும் பொட்டலத்துக்கும் அவர்கள் எங்களுக்குப் பின்னால் நின்றதை எங்கள் பெண்கள் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜுரம் கண்ட பிள்ளையை மட்டும் நான் தூக்கி வந்து மாமியார் பக்கத்தில் படுக்க வைத்தேன்.  மாமியார் தன் கம்பளியின் ஒரு பாதியை அதன்மேல் இழுத்துவிட்டார். அந்த ஒன்றை அவர் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிளம்பும் நாளில் டிராக்டர் வந்து நின்றதும் எல்லோரும் அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மண்டபத்துத் தரையில் குழைந்த சோறும் வெற்றிலை எச்சிலும் பொட்டலக் காகிதமும் கிடந்தன. நாங்கள் வைத்துக்கொண்ட கழிப்பறை அடைத்திருந்தது. பெருக்கிவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னேன். "வூட்ல சேறு முழங்கால் மட்டும் கெடக்குது, ஏறுடி," என்றார் என் கணவர். அதுவும் உண்மைதான். ஏறினேன். டிராக்டர் திரும்பும்போது தலைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் வாளியோடு உள்ளே போவதைப் பார்த்தேன்.

சேற்றை எல்லாம் வாரிக் கொட்டி, நனைந்த நெல்லைக் காய வைத்து, செத்துப்போன கன்றைப் புதைத்து, ஒரு வழியாக ஊர் மூச்சு விட்டபோது கோயிலில் கூட்டம் போட்டார்கள். காலனிக்கு நன்றி சொல்லத்தான் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்தவர் அங்கேயும் ஒருவர் இருந்தாராம். சாவி வைத்திருக்கும் அம்மாவை வரவழைத்து ஒரு புடவை கொடுக்கலாம் என்றாராம்.  பிறகு வேறொருவர், அடுத்த வெள்ளத்துக்கு நமக்கென்று ஒரு மண்டபம் வேண்டும் என்றாராம். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துப் புறம்போக்கில் மண்ணடித்து உயர்த்திக் கட்டலாம், மேலிடத்தில் பேசலாம் என்று முடிவாயிற்று. பேசப் போகிறவர் என் கணவர்.

வீட்டுக்கு வந்து உற்சாகமாகச் சொன்னார். "எல்லாத் திட்டமும் அவங்களுக்குத்தான் வருது. நமக்குன்னு இன்னா இருக்குது, சொல்லு."

"அவங்க கேட்ட எடமாச்சே அது," என்றேன்.

"அவங்களுக்குத்தான் மேட்டுல இருக்குதே."

"அங்கதான நாம போயித் தங்கனோம். நமக்கு எடம் வுட்டுட்டு அவங்க புள்ளைங்க வெளியில படுத்துதுங்க. அத்த மறந்துட்டு எப்பிடிங்க?"

அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.  "மறக்கல. அதனாலதான்டி கேக்கறோம்," என்றார்.

அந்தப் பதில் எனக்கு உடனே புரியவில்லை. யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. எங்கள் தெருவுக்கு அந்த நாட்கள் ஒரு காயமாகிவிட்டிருந்தன. தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைவிட, யாரிடம் போய் நின்றோம் என்பதுதான் வலித்தது. காலனிக்காரர்கள் எங்களை ஏதாவது சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து இடம் கொடுத்ததை எங்கள் ஆட்களால் மன்னிக்க முடியவில்லை.

இந்தக் காரியம் வேகமாக நடந்தது. வெள்ள நிவாரணக் கூடம் என்று பெயர் வைத்து அனுமதி கிடைத்தது. பூமி பூஜைக்கு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். மைக்கில் பேசியவர், வெள்ளத்தின்போது ஒண்டுவதற்கு இடமின்றித் தவித்த இந்த ஊர் மக்கள் என்று ஆரம்பித்தார். என் கணவர் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவே கைதட்டியது. நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். யாராவது எழுந்து, இல்லையே, இடம் கிடைத்ததே என்று சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அப்படிப் பார்த்தவளுக்கும் வாய் இருந்தது.

சில நாள் கழித்துத் தலைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியாரின் கம்பளி மண்டபத்திலேயே தங்கிவிட்டிருந்தது. துவைத்து, வெயிலில் காய வைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தார். கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். மாமியார் கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்து, "யாரு? அந்தப் பொண்ணா? நல்லா இருக்கியாடி?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். தலைவி, "இருக்கேன் ஆயா. சக்கர எப்பிடி இருக்குது?" என்று அங்கிருந்தே பதில் சொன்னார். உள்ளே வரவில்லை.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதுக் கூடத்தைப் பற்றி ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவரே பேச்சை எடுத்தார்.

"பஸ் ஸ்டாப்புகிட்ட உங்களுக்கு மண்டபம் வருதாமே டீச்சர்?"

"ஆமா. அது நீங்க கேட்ட எடம். எனக்கு எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல."

"அத்த வுடுங்க. எங்களுக்கு அது நல்லதுதான்," என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. நான் நிமிர்ந்து தேடிப் பார்த்தேன், இல்லை. "இன்னொரு வாட்டி வெள்ளம் வந்தா எங்க புள்ளைங்க உள்ளியே படுத்துக்குமில்ல. அந்த ஜுரம் வந்த புள்ள ரொம்ப நாள் இருமிக்கினே இருந்துச்சு."

கம்பளியை என் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். நான்கு எட்டு வைத்தவர் திரும்பி, "எங்களுக்கு அந்தப் பாத மட்டும் வந்துட்டாப் போதும் டீச்சர். மழைன்னா மேட்டுக்குப் போறதுக்குள்ள கால் புதையுது," என்றார்.

மண்டபத்தைக் கட்டியபோது அடுத்த கட்டத்தில் வரும் என்று சொன்ன பாதை அது. இன்னும் வந்திருக்கவில்லை. அதையாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. நானும் உங்களோடு ஆபீசுக்கு வருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பள்ளி விடுமுறை நாளில் போனோம். அவர், குழுவில் இன்னும் இரண்டு பெண்கள், நான். கணவரிடம் சொல்லவில்லை. திட்ட வேலைகளைப் பார்க்கும் பொறியாளரின் அறையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவருக்கு என் கணவரைத் தெரியும், பூமி பூஜையில் என்னையும் பார்த்திருக்கிறார். "உட்காருங்கம்மா," என்று நாற்காலியை என் பக்கம் காட்டினார். நான் உட்காரவில்லை. ஆனால் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தும் அவர் பார்த்தது என்னை மட்டும்தான். தலைவி பாதையைப் பற்றி விவரமாகச் சொன்னார். எங்கே களிமண், எங்கே சின்னப் பாலம் வேண்டும் என்பதெல்லாம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம், "உங்க வேலதான் முடிஞ்சுடுச்சேம்மா. மண்டபத்துக்கு டெண்டர்லாம் விட்டாச்சு. நீங்க எதுக்கு இவங்களோட அலையறீங்க?" என்றார்.

மூன்று பெண்களும் அருகில் நிற்கும்போதே இதைக் கேட்டார்.  பதில் சொல்ல வாயெடுத்தேன். தலைவிதான் முந்திக்கொண்டு, "டீச்சர் எங்களுக்குத் தொணைக்கு வந்தாங்க சார்," என்றார். என்னைக் காப்பாற்றும் தொனியில் சொன்னார்.

"பாக்கலாம்," என்றார் பொறியாளர். அதையும் என்னிடம்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது டெம்போவில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தலைவி என் பக்கத்தில்.  கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும், வயலை நிரப்பி மனை போட்டிருக்கும் இடத்தில் நட்ட கற்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அடுத்த வாட்டி நாங்களே போயிக்கிறோம்."

"ஏன்?"

"நீங்க வந்தா அவரு உங்ககிட்டயே பேசறாரு. நாங்க இன்னா சொன்னாலும் காதுல ஏறல. நாங்க மட்டும் போனா, திட்றதா இருந்தாலும் எங்களப் பாத்துத்தான திட்டணும்?"

"சரி," என்றேன். நியாயமாக இருந்தது. டெம்போ குலுங்கியபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், விழாமல் இருக்க. பிறகு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் பல தடவை போய்விட்டு வந்தார்கள். ஒரு தடவை காலனி முழுவதும் போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்ததாகப் பிள்ளைகள் வகுப்பில் சொல்லின. இப்போது மேட்டுக்குப் போகும் வழியில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். தார் இன்னும் போடவில்லை. பஸ் நிறுத்தத்தில் எங்கள் கூடத்துக்குத் தூண் எழும்பிவிட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். போன வாரம் தலைவி தன் மகளை விட வந்தபோது, மேட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு என்று பத்திரிகை கொடுத்தார். எப்போதும் கொடுப்பதுதான். இதுவரை நான் போனதில்லை. இந்தத் தடவை வருகிறேன் என்றேன். "வாங்க," என்றார். நான் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அன்றைக்கு நிறைய வேலை இருக்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.